வேட்டியில் கலந்த ஆலிவ் கொட்டைகள்

கிரேக்க நாட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் எழுந்த முதல் கேள்வி, "அங்க பசும்பால் கிடைக்குமா?" இரண்டாவது கேள்வி, "அங்க போயும் நிலக்கரிதானா?" முதலாவதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாவதற்குத் தெரியும். நிலக்கரிதான்.

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வாளி வாளியாக வெட்டி எடுக்கும் ராட்சதச் சக்கர இயந்திரத்தைப் பழுது பார்ப்பது என் கணவரின் வேலை. அதே மாதிரி இயந்திரங்கள் ஓடுகிற ஒரு கிரேக்க ஊரில் அவருக்கு நான்கு மாதப் பயிற்சி. கூடவே ஃபோர்மேன் தட்சிணாமூர்த்தியும் வந்தார். அவருக்குச் சொந்த ஊர் நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம். நான் போவதா வேண்டாமா, நான்கு வயதுக் கயல்விழியை அந்தக் குளிருக்குக் கொண்டுபோவதா என்று பலமுறை முடிவு செய்து, முடிவு செய்த ஒவ்வொரு முறையும் மாற்றினேன். கடைசியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய், காய்ச்சல் மருந்து, இருமல் மருந்து, இந்த மருந்துகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கொடுக்க இன்னொரு மருந்து என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் சங்கு ஊதியது. ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் புகைபோக்கிகள். ஈர நிலக்கரி எரிகிற அதே வாடை. கயல் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அம்மா, நெய்வேலி வந்துடுச்சா?" என்றாள்.

நாங்கள் நால்வரும் தங்கியது எலேனி என்பவரின் வீட்டு மாடியில். ஐம்பது வயதிருக்கும். கணவரை இழந்தவர். எப்போதும் கறுப்பு உடை. இளம் வயதில் ஆஸ்திரேலியாவில் ஒரு தையற்கூடத்தில் சில வருடம் வேலை பார்த்தவர் என்பதால் உடைந்த ஆங்கிலம் பேசுவார். என் ஆங்கிலமும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்ததால் எங்களுக்குள் சிரமமே இல்லை.

முதல் நாள் எங்களுக்கு வெள்ளை அவரையைத் தக்காளியில் வேகவைத்துப் போட்டார். போட்டுவிட்டு அதன் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றினார் பாருங்கள், நம் வீட்டில் ஒரு வாரத்துக்குக் காணும். நான் பதறி, "போதும், போதும்" என்றேன். "கொஞ்சமாக ஊற்றினால் வீட்டுக்கு வந்தவரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்" என்றார் எலேனி. கயல் அவரையைத் தொடவில்லை. ரொட்டியை எண்ணெயில் முக்கி முக்கித் தின்றாள். வயிற்றுக்கு ஆகுமா என்று இரவெல்லாம் அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் நன்றாகத் தூங்கினாள்.

வீட்டைச் சுற்றி ஆலிவ் தோப்பு. காய்கள் பச்சையிலிருந்து கருநீலத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. பார்த்தால் நாவல்பழம் மாதிரியே இருந்தது. நான் ஒன்றைப் பறித்துக் கடித்தேன். தட்சிணாமூர்த்தியும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த நொடி இருவரும் ஆளுக்கொரு பக்கம் துப்பினோம்.

"வேப்பங்கொட்டைய மென்ன மாரி இருக்குதும்மா! இதுல போயி எப்பிடி எண்ணெ எடுத்துகினு இருக்காங்க?" என்றார் அவர்.

எலேனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மரத்தில் பழுத்ததை அப்படியே யாரும் தின்னமாட்டார்களாம். உப்புநீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசப்பை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் செக்குக்கு அனுப்ப வேண்டும்.

அந்த வாரம் நான் செய்த பெரிய காரியம், பஸ் மாறி ஏறியது. கடைத்தெருவுக்குப் போக நின்றிருந்தேன். கையில் சாப்பாட்டுப் பையோடு பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பஸ்ஸில் ஏறினார்கள். நெய்வேலியில் அப்படிப்பட்ட கூட்டத்தோடு ஏறினால் எப்படியும் டவுன்ஷிப்புக்குள் எங்கேயாவது இறக்கிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் கயலைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். அது ஷிஃப்ட் பஸ். நேராகச் சுரங்க வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. எல்லோரும் இறங்கி உள்ளே போய்விட்டார்கள். பஸ்ஸும் போய்விட்டது. நானும் கயலும் சேறும் காற்றுமாக ஒரு மேட்டில் நின்றோம். கீழே பள்ளத்தில் அந்தச் சக்கர இயந்திரம். "அப்பா மிஷின்!" என்று கயல் கை தட்டினாள். எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. பள்ளத்தின் எதிர்விளிம்பில் தெரிந்தது எலேனியின் தோப்பு.

நல்லவேளையாக அந்த வழியில் ஒரு ஜீப் வந்தது. அதை ஓட்டியவள் மரீனா. விவசாய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிற, என் வயதுப் பெண். நல்ல ஆங்கிலம் பேசினாள். எலேனி வீட்டுக்குத்தான் போகிறாளாம். வழியில் விவரம் சொன்னாள். அடுத்த கோடைக்குள் அந்தத் தோப்பு முழுவதும் சுரங்கத்துக்குள் போய்விடும். எலேனிக்குப் புதுக் காலனியில் வீடு ஒதுக்கியாகிவிட்டது. மரங்கள் போவதற்கு முன்னால், அவற்றில் அபூர்வ வகை ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது மரீனாவின் வேலை. இதுவரை சேகரிப்பில் இல்லாத வகையாக இருந்தால் மட்டும் கிளைத்துண்டு எடுத்து நாற்றங்காலில் வளர்ப்பார்கள். ஏற்கெனவே உள்ள வகை என்றால் விட்டுவிடுவார்கள்.

"நீங்கள் வேண்டுமானால் எலேனியை வாசலில் நிற்கும் மரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கதை முடியும்வரை சாப்பிடாமல் உட்கார முடிந்தால்" என்று சிரித்தாள்.

கேட்டேன். எலேனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னார். வாசல் மரம் மற்ற மரங்களைப் போல அல்ல. கல்யாணமான வருடம் அவர் கணவர் காட்டு ஆலிவ் கன்று ஒன்றை நட்டு, மலை மேல் இருக்கிற மடத்திலிருந்து ஒட்டுக்குச்சி கொண்டுவந்து ஒட்டுக்கட்டினார். துறவிகள் யாருக்கும் தராத வகை. அதன் எண்ணெய் தொண்டையில் காறவே காறாது. "இது வேறு வகை என்று அந்தப் பெண் எழுதிவிட்டால் இது பிழைக்கும். நீயும் படித்தவள்தானே? அவளிடம் சொல்."

நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு கீரை வாங்கும்போது மட்டும்தான் பயன்பட்டிருக்கிறது. எதற்கு வாயைத் திறந்தோம் என்று இருந்தது. ஆனாலும் மரீனா உதவிக்குக் கூப்பிட்டபோது மறுக்கவில்லை.

வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. வாசல் மரத்தையும் சேர்த்து, சந்தேகத்துக்கு இடமான ஐந்து மரங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றிலும் வெயில் படுகிற பக்கத்தில், தோள் உயரத்தில், இலையும் பழமும் பறித்தோம். இலையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தோம். பழத்தின் நுனியில் காம்பு மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா, பழம் இரு பக்கமும் ஒன்று போல இருக்கிறதா என்று பார்த்தோம். இதையெல்லாம் முழுதாக நம்பிவிட முடியாது என்றாள் மரீனா. தண்ணீர் குறைந்தால் பழம் சிறுத்துவிடும், நிழலில் இலை அகலமாகிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் கொட்டை அவ்வளவாக மாறாது. அதன் மேல் ஓடும் வரிகள், நுனியின் கூர்மை, இந்த இரண்டையும் கொண்டு வகையைப் பிடித்துவிடலாம். அதற்கும் மேலே ஆய்வுக்கூடம் இருக்கிறது. எண்ணெயில் எந்த அமிலம் எவ்வளவு, கசப்புப் பொருள் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இலைச்சாற்றிலுள்ள நொதிகளை ஒரு ஜெல்லில் ஓட்டி, எந்தெந்த இடத்தில் கோடு விழுகிறது என்று ஒப்பிடுவார்கள்.

பழங்களை நசுக்கி, சதை ஒட்டிய கொட்டைகளை மரம் வாரியாகத் துணிப்பைகளில் போட்டு, "இவற்றைக் காயவைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒப்பிட முடியும்" என்றாள் மரீனா. காயவைப்பது எனக்குத் தெரியாத வேலையா? நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நல்ல வெயில். என் கணவரின் வேட்டியை மொட்டை மாடியில் விரித்தேன். ஐந்து பைகளையும் ஐந்து குவியலாகக் கொட்டிப் பரப்பினேன். ஒவ்வொரு குவியலின் பக்கத்திலும் அதன் பையை மடித்து வைத்தேன். வடகம் காயப்போட்டது போல அவ்வளவு அழகாக இருந்தது. கீழே வந்து கயலுக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். திடீரென்று காற்று திரும்பியது. புகைபோக்கிப் பக்கமிருந்து கரி வாடை குப்பென்று ஜன்னலில் அடித்தது.

நெய்வேலியில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு அந்த நொடியில் மூளை வேலை செய்யாது. கால்தான் வேலை செய்யும். காற்று புகைபோக்கிப் பக்கமிருந்து அடித்தால் பிளாக் முழுக்கப் பெண்கள் மாடிக்கு ஓடுவோம். துணியோ, வற்றலோ, மிளகாயோ, கரித்தூள் விழுவதற்குள் நாலு மூலையையும் பிடித்துச் சுருட்டிக்கொண்டு இறங்குவோம். நானும் பிசைந்த கையோடு ஓடினேன். வேட்டியின் நாலு மூலையையும் பிடித்தேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தூசி விழவிடாமல் இறங்கினேன்.

கடைசிப் படியில்தான் உறைத்தது. ஐந்து மரமும் ஒரே மூட்டையில்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "ராஜி, ஒரு நாட்டோட ஆராய்ச்சியவே சுருட்டிட்டியே!"

"ஏங்க, நீங்க வேற. அவ என்ன நெனைப்பா?"

தட்சிணாமூர்த்தி மூட்டைக்குள் கையை விட்டு அளைந்து பார்த்தார். "இன்னாம்மா இதுக்குப் போயி அழுதுகினு இருக்கீங்க? வெதவெதமா இருந்தாதான பிரிக்கிறதுக்கு? எல்லாம் ஒண்ணாத்தான இருக்குது."

ஆனால் எல்லாம் ஒன்றாக இல்லை. சாப்பாட்டு மேஜையில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவது போல உட்கார்ந்தேன். பெரும்பாலானவை மெலிந்து, நுனியில் ஊசி போல ஒரு முள்ளோடு இருந்தன. நடுநடுவே சில மட்டும் தடித்து, ஒரு பக்கம் சற்றே கோணி, நுனி மழுங்கி இருந்தன. அவற்றின் மேல் ஓடிய வரிகளும் ஆழம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே வித்தியாசம் தெரிந்தது. இரண்டே குவியல். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. நான்கு மரம் ஒரே வகை, ஒரு மரம் மட்டும் வேறு.

எலேனி என் பின்னால் வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியாது. சிறிய குவியலைப் பார்த்தார். நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "நான் சொன்னேன் அல்லவா?" என்று என் கன்னத்தில் முத்தமிட்டார்.

மறுநாள் மரீனாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு நிமிடம் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "கொட்டை வேறு என்றால் மரமே சொல்லட்டும்" என்று எழுந்தாள். ஐந்து மரங்களிலும் மறுபடி பழம் பறித்தோம். எலேனி பின்னாலேயே வந்தார். முதலில் வாசல் மரம். நான்தான் பழத்தை நசுக்கினேன். கொட்டையைத் துடைத்து உள்ளங்கையில் வைத்தேன்.

மெலிந்த கொட்டை. நுனியில் முள்.

இன்னொரு பழம் பறித்தேன். இன்னொன்றும். எல்லாம் அதே. தடித்த கொட்டை கடைசி மரத்தில் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால், ஆடு கட்டுவதற்கென்றே விட்டுவைத்திருந்த மரம். தோளுக்குக் கீழே இருந்த இலையையெல்லாம் ஆடு தின்று முடித்திருந்தது.

"அந்த மரமா? அதன் காயை ஆடுகூடத் தொடாது!" எலேனிக்குக் கோபத்தில் ஆங்கிலம் போய் கிரேக்கம் வந்துவிட்டது. மரீனா எனக்கு மொழிபெயர்த்தாள். "உங்கள் ஆராய்ச்சிக்குக் கண் இல்லை என்கிறார். அப்புறம் சொல்வதை மொழிபெயர்க்க முடியாது."

எண்ணெய் காறாததற்கும் காரணம் இருந்தது. வாசல் மரத்தை மட்டும் எலேனி கடைசியில்தான் பறிப்பாராம். பழம் நன்றாகக் கறுத்தால் கசப்புப் பொருள் தானாகக் குறைந்துவிடும். ஆய்வுக்கூட முடிவு வந்தபோது இலைச்சாற்றின் கோடுகளும் எண்ணெயின் அமிலங்களும் கொட்டை சொன்னதையே சொல்லின. வாசல் மரம், ஊரெல்லாம் நிற்கிற சாதாரண வகை. ஆடு கட்டிய மரத்துக்குச் சேகரிப்பில் ஜோடி இல்லை; நாற்றங்காலுக்குப் போவது அதுதான்.

இரண்டு நாள் எலேனி எங்களோடு பேசவில்லை. கயலுக்கு ரொட்டி மட்டும் மாடிப்படியில் வந்தது. நான் கலக்காமல் இருந்திருந்தாலும் இது ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கும்தான். ஆனாலும் என் உள்ளங்கையிலிருந்த கொட்டையை அவர் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவரே மேலே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மடமாவது, துறவியாவது. என் கணவர் அந்த மலையில் ஏறியே இருக்கமாட்டார். பக்கத்துத் தோப்பில் ஒரு குச்சியை ஒடித்து ஒட்டுக்கட்டிவிட்டு, புது மனைவியிடம் கதை விட்டிருக்கிறார். முப்பது வருடம் நான் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்!" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், "ஆனாலும் எனக்கு அந்த மரம் வேண்டும்" என்றார்.

அன்றிரவு சாப்பாட்டில் இதே பேச்சு. தட்சிணாமூர்த்தி சொன்னார்: "எங்க ஊராண்ட மிசின் வர்றப்போ நான் அந்த மிசின்லயே ஹெல்ப்பரும்மா. நெலம் எங்களுது இல்ல. வூட்டாண்ட ஒரு முருங்கை மட்டும் எங்களுது. ஒரு போத்து வெட்டிகினு வந்து குவாட்டர்ஸ்ல நட்டேன். உங்க வூட்டுச் சாம்பாருக்கு வருதே, அது அந்தக் காய்தான்."

"அப்ப இதுலயும் ஒரு போத்து வெட்டி நட்டுடலாமே?" என்றேன்.

"அது காய்க்க எத்தினி வருசம் ஆவும்? அந்தம்மா சின்னப் புள்ளையா? மரத்தையே தூக்கிடலாம். கிரேன் இருக்குது, ஞாயித்துக்கெழம சும்மாதான நிக்குது?"

"யோவ் தட்சிணா, நாம இங்க ட்ரெயினிங்குக்கு வந்தவங்க" என்றார் என் கணவர்.

"அதான் சார், ட்ரெயினிங்கு."

சற்று நேரத்தில் பார்த்தால், என் கணவர் மரத்தின் எடை எவ்வளவு இருக்கும், கம்பிக்கயிற்றை எங்கே போட வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் சுரங்க அதிகாரியிடம் அனுமதி கேட்டபோது, அவர் தம் மாமியார் வீட்டு மரத்தையும் தூக்கித் தர முடியுமா என்று கேட்டாராம்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தைத் தூக்கினார்கள். அதற்கு முன்பே மரீனா சொன்னபடி கிளைகளையெல்லாம் வெட்டிவிட்டார்கள். அடிமரமும் மூன்று முண்டுகளும்தான் மிச்சம். வேரோடு மண்ணையும் சேர்த்துச் சாக்கில் கட்டி, கிரேனில் தொங்கவிட்டபோது அது மரம் மாதிரியே இல்லை. பிடுங்கிய கடைவாய்ப்பல் மாதிரி இருந்தது. புதுக் காலனியில் எல்லா வீடும் ஒன்று போல, எல்லாக் கதவும் ஒரே நிறம், சுவரில் எண். நம்ம பிளாக்கேதான். எலேனியின் எண்ணுக்கு முன்னால் அந்தப் பல்லை நட்டார்கள். கிரேன் ஓட்டியவருக்கும் கூட வந்த ஐந்தாறு பேருக்கும் ஆட்டுக்கறி. எங்களுக்குக் கீரை அடை. எல்லாவற்றின் மேலும் எண்ணெய்.

வசந்தம் வந்தது. எலேனி புதுவீட்டுக்குக் குடிபோனார்; கிளம்பும்வரை நாங்கள் பழைய வீட்டு மாடியிலேயே இருந்தோம். மரத்தில் ஒன்றும் இல்லை. நாங்கள் ஊர் திரும்ப மூன்று வாரம் இருக்கும்போது, அடித்தண்டில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்திருப்பதாக எலேனி ஓடிவந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். குட்டையான, உருண்டையான, தடித்த இலை. கிளை நுனி முள்ளாக முடிந்தது. தண்டில் ஒட்டுக்கட்டிய இடம் ஒரு வீக்கமாகத் தெரியும். துளிர் அத்தனையும் அதற்குக் கீழே. இது ஒட்டு மரமல்ல, அடியில் இருக்கிற காட்டு ஆலிவ்.

மரீனாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "பறித்துவிடுங்கள். விட்டால் மரம் காட்டு மரமாகிவிடும்" என்றாள். ஒரு மரத்தில் இருக்கும் பச்சையே அவ்வளவுதான் என்னும்போது அதைப் பறிப்பது எப்படி? வீக்கத்தைத் தடவிப் பார்த்தேன். இலையை மறுபடி அளந்தேன். தவறாக இருந்தால்? எலேனி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றாகப் பறித்தேன். கடைசித் துளிர் போனதும் மரம் மறுபடி வெறும் கட்டையாகிவிட்டது. எலேனி உள்ளே போனார். அதன் பிறகு தினமும் கயலைக் கூட்டிக்கொண்டு அந்தக் காலனிக்கு நடந்தேன். தினமும் கட்டையைச் சுற்றி வந்தேன்.

கிளம்பும் நாள் காலை. பெட்டிகளோடு வண்டி எலேனி வீட்டு முன்னால் நின்றது. விடைபெறப் போனால் அவர் வாசலிலேயே காத்திருந்தார். என் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். மேலே, மூன்று முண்டுகளில் நடுவில் இருந்ததன் பட்டையைப் பிளந்துகொண்டு, அரிசி மணி அளவில் இரண்டு இலை.

"பார்த்துச் சொல்."

வடிவத்தைப் பார்க்க இலைக்கு இன்னும் வடிவமே வரவில்லை. கொட்டை இல்லை, பழம் இல்லை, எண்ணெய் இல்லை. இருக்கிற இடம் ஒன்றுதான் சாட்சி. முண்டிலிருந்து விரலைக் கீழே இறக்கி, வீக்கம் வரை கொண்டுவந்தேன். வழியில் சந்தேகத்துக்கு இடமில்லை. "மேலே இருக்கிறது. உங்கள் கணவர் கட்டிய ஒட்டுதான்" என்றேன்.

வண்டிக்குள்ளிருந்து தட்சிணாமூர்த்தி, "இன்னாம்மா, உயிர் இருக்குதா?" என்று கத்தினார். நான் தலையை ஆட்டினேன். அவர் என் கணவரின் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

எலேனி என் தோளை ஒருமுறை இறுகப் பிடித்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, இரு கைகளையும் வாய்க்குக் குவித்துக் கிரேக்கத்தில் கூவினார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அத்தனை மாதம் கேட்டுக் கேட்டு அந்தச் சொற்கள் எனக்குப் பழகியிருந்தன.

"வந்துவிட்டது! சாதாரண வகைதான்! எல்லார் வீட்டிலும் இருக்கிற வகைதான்!"

ஒரே நிறக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.